டிரைவரைக் குறை சொல்லும் முன்

எறையூரில் டிரைவர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருப்பது இங்கேதான். பேர் மட்டும் பெரம்பலூருக்கு. அரவைப் பருவத்தில் டிராக்டர்களும் லாரிகளும் ஆலைக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். வெட்டு உத்தரவு வாங்கி, ஆள் பிடித்து, வெட்டிக் கட்டி ஏற்றி அனுப்பிய விவசாயிக்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டக்கணக்கு. வெட்டிய கரும்பு காயக் காய எடை குறையும், சாறும் கெடும். அவர் கோபம் முதலில் டிரைவர் மேல்தான் பாயும். ‘ராத்திரியே கெளம்பியிருந்தா முன்னாடி நின்னிருக்கலாம்ல?’ டிரைவர் எடைமேடையைக் கைகாட்டுவார். எடைமேடைக்காரர் கிரேனைக் காட்டுவார். கடைசியில் பார்த்தால் ஆலை அரைக்கிற அளவுக்குத்தான் வரிசை நகரும்.

வீட்டுக் கணினி இழுக்கிறது என்று கடைக்குக் கொண்டுபோனாலும் இதே கதைதான். ‘டிரைவர் சரியில்ல, அப்டேட் பண்ணிடலாம்’ என்பது முதல் வைத்தியம். இந்த டிரைவர் ஒரு மென்பொருள். ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்த்து வேலை வாங்குவது கன்ட்ரோலர் என்ற சிப்பு. அந்தச் சிப்போடு பேசத் தெரிந்த நிரல்தான் கன்ட்ரோலர் டிரைவர். வட்டின் வேகத்தில் அதன் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்குக் கடந்த 25 ஆண்டுகளில் விடை பலமுறை மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாக் கேட்டுக்கும் அதுவே காரணமாக இருந்தது. இன்னொரு காலத்தில் சம்பந்தமே இல்லாமல் பழி மட்டும் சுமந்தது. இப்போது மறுபடியும் விண்டோஸ் ஏற்றுபவர்களைத் திணறடிக்கிறது. என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். வட்டுக்கு இல்லாத வேகத்தை எந்த டிரைவரும் தந்ததில்லை. இருக்கிற வேகத்தைக் கெடுத்த டிரைவர்கள் உண்டு, அதுவும் பல மடங்கு.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தமிழ்நாட்டில் அரசு மடிக்கணினியைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய திட்டம் அது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுக்க, பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் லட்சக்கணக்கில் பெற்றார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். முதல் கட்டத்தில் வந்தவற்றில் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. அந்தக் காலத்து மடிக்கணினி வட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி. கேட்ட தகவல் படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு 5.6 மில்லிநொடி. முள் சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லிநொடி வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒரு சின்னத் துணுக்கைப் படிக்க 17.6 மில்லிநொடி. நொடிக்கு 57 துணுக்கு. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் நொடிக்கு 228 கேபி.

அதே வட்டில் ஒரு சினிமாவை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 80 எம்பிக்குக் குறையாமல் வரும். 80 எம்பி எங்கே, 228 கேபி எங்கே! கடைக்காரர் அட்டையில் எழுதி வைப்பது முதல் எண். விண்டோஸ் திறக்கும்போது நாம் அனுபவிப்பது இரண்டாவது எண். கணினி துவங்கும்போது பத்தாயிரம் சின்னத் துணுக்குகளை அங்குமிங்குமாகப் படிக்க வேண்டியிருந்தால் 175 நொடி ஆகும், ஏறக்குறைய மூன்று நிமிடம். முள் இல்லாத எஸ்எஸ்டியில் ஒரு துணுக்குக்கு 0.1 மில்லிநொடி போதும். அதே பத்தாயிரம் துணுக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும். இந்தக் கணக்கில் டிரைவர் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் டிரைவருக்குக் கெட்ட பேர் எப்படி வந்தது? அதற்கு மேசைக் கணினியின் பட்டைக் கேபிள் காலத்துக்குப் போக வேண்டும்.

ஐடிஇ என்று நாம் அழைத்த அந்த இணைப்பில் 40 ஊசி, சாம்பல் நிறத்தில் பட்டையான கேபிள், மாஸ்டர்–ஸ்லேவ் ஜம்பர். தொடக்கத்தில் வட்டிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் பிராசசரே நேரில் வாங்கி நினைவகத்தில் வைத்தது. இதற்குப் பிஐஓ முறை என்று பேர். ஆலை மேலாளரே யார்டுக்கு வந்து கரும்புக் கட்டைத் தோளில் சுமப்பதுபோல. கட்டும் மெதுவாகத்தான் இறங்கும், மேலாளர் செய்ய வேண்டிய மற்ற வேலைகளும் கிடப்பில் கிடக்கும். அதன் உச்சநிலையான பிஐஓ 4இல் ஏட்டளவில் நொடிக்கு 16.7 எம்பி. நடைமுறையில் அதற்கும் வெகு கீழே. பிறகு வந்த டிஎம்ஏ முறையில் கன்ட்ரோலரே தகவலை நேராக நினைவகத்தில் இறக்கிவைத்தது. யார்டில் கிரேன் வந்த மாதிரி. அல்ட்ரா டிஎம்ஏ 33, 66, 100, 133 எம்பி என்று படிப்படியாக ஏறியது. 33க்கு மேல் போக 80 கம்பிக் கேபிள் தேவை. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு கேபிளும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழைய 40 கம்பிக் கேபிளை எடுத்து மாட்டிவிட்டால் நூறில் போக வேண்டிய வட்டு முப்பத்துமூன்றோடு நின்றுவிடும். அப்படி மாட்டி அனுப்பப்பட்ட கணினிகள் ஊரெல்லாம் இருந்தன.

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்தக் கதையில் ஒரு வில்லத்தனம் செய்தது. ஒரு சேனலில் கேபிள் பிழையோ நேரம் கடந்த பிழையோ மொத்தம் ஆறு சேர்ந்தால், அதன் ஐடிஇ டிரைவர் வேகத்தில் ஒரு படி இறக்கும். மறுபடி ஆறு சேர்ந்தால் இன்னொரு படி. இப்படி இறங்கி இறங்கிப் பிஐஓவில் வந்து உட்கார்ந்துவிடும். நோக்கம் நல்லதுதான், தகவல் கெட்டுப்போவதைவிட மெதுவாக வருவது மேல். சிக்கல் என்னவென்றால், இறங்கியது ஏறத் தெரியாது. கேபிளை மாற்றினாலும், கணினியை நூறு முறை அணைத்துப் போட்டாலும் பிஐஓதான். கீறல் விழுந்த விசிடியை நான்கு முறை போட்டுப் பார்த்ததற்கே சிடி டிரைவ் பிஐஓவுக்கு இறங்கிவிடும். அதன் பிறகு புதுக் குறுந்தகடு போட்டாலும் படம் திக்கித் திக்கித்தான் ஓடும்.

எங்கள் வீட்டு மேசைக் கணினிக்கே இது நேர்ந்தது. பாட்டு ஒன்றைக் காப்பி செய்யத் தொடங்கினால் மவுஸ் அம்பு நகராது. கடையில் வைரஸ் என்றார்கள், ரேம் என்றார்கள். இரண்டுக்கும் காசு வாங்கினார்கள். வைத்தியம் கடைசியில் காசில்லாத வைத்தியமாக இருந்தது. டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து, இப்போதைய பரிமாற்ற முறை என்ன என்று பார்த்து, பிஐஓ என்றிருந்தால் அந்தச் சேனலையே அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி துவக்க வேண்டும். விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவில் ஏற்றிவிடும். டிரைவரைத் தொட்டதும் கணினி பறந்தது என்று பலர் இன்றும் சொல்வது இந்த அனுபவத்தின் மிச்சம். நோய் போய்விட்டது, மருந்துச் சீட்டு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

2003இல் சாட்டா வந்தது. ஜம்பர் போயிற்று, பட்டைக் கேபிள் போயிற்று. நொடிக்கு 150 எம்பியில் தொடங்கி 300, 600 என்று வளர்ந்தது. 2004இல் இன்டெல் ஏஎச்சிஐ என்ற கன்ட்ரோலர் இலக்கணத்தை வெளியிட்டது. யார் செய்த சிப்பானாலும் ஒரே டிரைவர் போதும் என்பது அதன் பெரும் பயன். ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகளை வட்டிடம் ஒப்படைத்து, எதை முதலில் படிப்பது என்பதை வட்டே தீர்மானிக்க விடும் என்சிக்யூ வசதியும் அதில் சேர்ந்து வந்தது. வரிசையில் நிற்கும் வண்டிகளை வந்த ஒழுங்கில் விடாமல், கிரேனுக்குப் பக்கத்தில் நிற்பதை முதலில் இறக்குவது போன்ற ஏற்பாடு. முள்ளின் அலைச்சல் குறையும்.

காகிதத்தில் அருமை. வீட்டில்? வீட்டுக் கணினியில் ஒரு நேரத்தில் காத்திருக்கும் கோரிக்கை பெரும்பாலும் ஒன்றிரண்டு, மிஞ்சினால் நாலு. இரண்டே வண்டி நிற்கும் இடத்தில் எதை முன்னால் விட்டால்தான் என்ன? சுழலும் வட்டு உள்ள வீட்டுக் கணினியில் பயாஸில் சாட்டா முறையை ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றிப் பெரிய வித்தியாசம் கண்டவர் யாரும் இல்லை என்றே சொல்வேன். பலரின் கோரிக்கைகள் ஒரே நேரத்தில் குவியும் சர்வர்களில் கதை வேறு. வட்டு எஸ்எஸ்டியாக இருந்தாலும் வேறு, ஏனென்றால் அது பல கோரிக்கைகளை உண்மையாகவே ஒரே சமயத்தில் கவனிக்கும்.

பயன் கொஞ்சம், வினை நிறைய. எக்ஸ்பிக்கு ஏஎச்சிஐ தெரியாது. நிறுவத் தொடங்கினால் நீலத்திரை, 0x0000007பி என்ற பிழை எண். நிறுவலின் தொடக்கத்திலேயே எஃப்6 விசையைத் தட்டி, டிரைவர் உள்ள ஃபிளாப்பியைச் செருக வேண்டும். ஃபிளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினியில் எதைச் செருகுவது? இந்த இடத்தில்தான் அரசு மடிக்கணினி மறுபடி கதைக்குள் வருகிறது. அவை விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தன. பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக்கில் உருவானது, டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஏஎச்சிஐ டிரைவர் லினக்ஸின் 2.6 வரிசைக் கெர்னலிலேயே இருந்ததால் அதற்கு ஃபிளாப்பியும் வேண்டாம், எஃப்6உம் வேண்டாம். ஆனால் கைக்கு வந்த மடிக்கணினியை நேராகக் கடைக்கு எடுத்துப் போய், இருப்பதை அழித்துவிட்டு, பழகிய எக்ஸ்பியை ஏற்றச் சொன்னவர்கள் உண்டு. நீலத்திரை வராமலிருக்கக் கடைக்காரர் பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றிவிட்டு எக்ஸ்பியை ஏற்றினார். வேலை முடிந்தது.

வேகம் போனது வேறொரு வழியில். ஏறக்குறைய அதே காலத்தில் வட்டு செய்பவர்கள் 512 பைட் செக்டரை விட்டு 4,096 பைட் செக்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்பி தன் முதல் பகிர்வை (பார்ட்டிஷனை) 63ஆவது செக்டரில் தொடங்கும். பழைய செக்டர் எட்டு சேர்ந்தால்தான் ஒரு பெரிய செக்டர், 63 எட்டால் வகுபடாது. அதனால் விண்டோஸ் எழுதும் ஒவ்வொரு 4 கேபி துண்டும் வட்டின் இரண்டு பெரிய செக்டர்கள்மேல் கால்பரப்பி விழும். இரண்டையும் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டும். அதற்கு வட்டு இன்னொரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். 11 மில்லிநொடி என்று முன்னால் கணக்கிட்டோமே, அது ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் தண்டமாகச் சேரும். விஸ்டாவிலிருந்து பகிர்வு 2,048ஆவது செக்டரில் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை. இதை டிரைவரால் திருத்த முடியாது. கடையில் ஐடிஇ முறையைக் குறை சொன்னார்கள், உண்மைக் குற்றவாளி 63 என்ற எண்.

டிரைவரே குற்றவாளியான வழக்குகள் பிறகும் இருந்தன. விண்டோஸ் 10 வந்தபோது டாஸ்க் மேனேஜரில் வட்டு 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், ஆனால் படிப்பதும் எழுதுவதும் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. அதன் ஸ்டோர்ஏஎச்சிஐ டிரைவர், எம்எஸ்ஐ என்ற குறுக்கீட்டு முறையில் சில கன்ட்ரோலர்களோடு வேலை செய்யும்போது, கன்ட்ரோலரின் ஃபர்ம்வேர் பிழையால் பதில் வராமல் போகும். விண்டோஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு வட்டை ரீசெட் செய்யும். அதற்குள் வரிசை முழுக்க நிற்கும். ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஐ ஆதரவை 1லிருந்து 0 ஆக்கினால் தீர்ந்தது. ஆனால் 100 சதவீதம் காட்டும் எல்லாக் கணினிக்கும் இந்த நோய் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவற்றில் நொடிக்கு 57 துணுக்கு படிக்கும் வட்டிடம் விண்டோஸ் ஆயிரம் கேட்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: டாஸ்க் மேனேஜரில் வட்டின் சராசரி மறுமொழி நேரத்தைப் பாருங்கள். சில பத்து அல்லது சில நூறு மில்லிநொடி என்றால் வட்டுக்குச் சுமை. பல ஆயிரம் மில்லிநொடி, வேலையோ ஒன்றுமில்லை என்றால் டிரைவர், கேபிள், அல்லது சாகும் வட்டு.

கேபிளைப் பற்றி ஒரு வரி. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலில் சி7 (அதாவது 199ஆம்) எண்ணுக்கு எதிரே சிஆர்சி பிழைக் கணக்கு இருக்கும். அது நாளுக்கு நாள் ஏறினால் வட்டில் பெரும்பாலும் கோளாறு இல்லை. சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

மின்சாரத்தையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேசைக் கணினி வைத்திருந்தவர்களுக்குத்தான் அதன் முழு அடி. வட்டின் கொள்கை (பாலிசிஸ்) பக்கத்தில் விண்டோஸ் இரண்டு கட்டங்களைக் காட்டும். முதலாவது எழுத்துத் தற்காலிகச் சேமிப்பு, அது இருக்கட்டும். இரண்டாவது, அந்தச் சேமிப்பை அவ்வப்போது வட்டில் கொட்டி உறுதிப்படுத்தும் வேலையை நிறுத்திவிடுவது. வேகத்துக்கு டிப்ஸ் தருபவர்கள் இதை டிக் செய்யச் சொல்வார்கள். கொஞ்சம் வேகம் வரும் என்பதும் உண்மை. யுபிஎஸ் இல்லாத வீட்டில் அதைச் செய்தால், கரண்ட் போன நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தது போகும். கோப்பு அட்டவணையே சிதைந்தும் போகலாம். எங்கள் பக்கத்தில் அந்தக் கட்டத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2011 மார்ச்சில் என்விஎம்இ என்ற புதிய இலக்கணம் வெளியானது. ஏஎச்சிஐயில் ஒரே வரிசை, அதில் 32 கோரிக்கை. இதில் 65,000க்கு மேல் வரிசைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே அளவு கோரிக்கைகள். லினக்ஸ் 2012இல் இதற்கான டிரைவரைத் தன் கெர்னலில் சேர்த்தது, விண்டோஸ் 8.1 உள்ளேயே கொண்டு வந்தது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பியோடு முட்டிக்கொண்டு நிற்க, இது 3,500ஐத் தாண்டியது. கோப்புத் திறப்பது, பிரவுசர் ஓடுவது போன்ற வீட்டு வேலையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது அபூர்வம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்குத் தாவுவதுதான் பெரிய தாவல்.

என்விஎம்இயோடு எஃப்6 காலத்துப் பேயும் திரும்பி வந்தது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்கிக்கொண்டே வரும். விண்டோஸைப் புதிதாக ஏற்றப் போனால் ‘டிரைவே இல்லை’ என்று சொல்லும். வட்டு செத்துவிட்டது என்று புது வட்டு விற்ற கதையும் கேட்டிருக்கிறேன். இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் வட்டு கண்ணுக்குத் தெரியும். பயாஸில் விஎம்டியை அணைத்துவிட்டும் நிறுவலாம். ஒற்றை வட்டு வீட்டுக் கணினிக்கு அதனால் வேகம் எதுவும் குறையாது. ஏற்கெனவே விஎம்டியோடு நிறுவிய விண்டோஸ் இருக்கும்போது அணைத்தால் மட்டும் துவங்காது. ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கு மாற்றும்போதும் இதே எச்சரிக்கை. முதலில் சேஃப் மோடில் துவங்கும்படி வைத்துவிட்டு, பயாஸை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் வந்துவிட்டால் விண்டோஸ் 8க்குப் பிந்தையவை தாமாகவே சரியான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும்.

பல வட்டுகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு பற்றிப் பலர் கேட்பார்கள். வீட்டுக்கு வேண்டாம்.

இன்னும் ஒன்று மிச்சம், அதைக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டும். டிரைவர் அப்டேட்டர் என்ற பேரில் பணம் கேட்கும் நிரல்கள். ‘37 டிரைவர் பழையது’ என்று சிவப்பில் எழுதிக் காட்டும். பழையது என்பதால் டிரைவர் மெதுவாக ஓடாது. சாட்டா கன்ட்ரோலருக்கு மைக்ரோசாஃப்ட் உள்ளேயே வைத்த டிரைவர் நல்லபடியாக ஓடும்போது, பொருந்தாத ஒன்றை அதன்மேல் ஏற்றினால் வரும் பரிசு நீலத்திரை. வட்டு டிரைவர் கெட்டால் மற்ற டிரைவர் கெட்டது மாதிரி இருக்காது, கணினியே எழுந்திருக்காது. வேண்டுமென்றால் மடிக்கணினி செய்த நிறுவனத்தின் தளத்தில், அந்த மாடலுக்குரியதை மட்டும் எடுங்கள்.

2025–26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. இப்போது வாங்கும் மடிக்கணினியில் சுழலும் வட்டுக்கு இடமில்லை, எஸ்எஸ்டிதான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது. தேவைப்படுவது அவர்களுடைய அண்ணன் அக்காக்களுக்கு. அவர்கள் வாங்கிய மடிக்கணினிகள் ஸ்டிக்கர் உரிந்து பரண்களில் கிடக்கின்றன. அவற்றிலுள்ள இரண்டரை அங்குல சாட்டா வட்டு சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். அதே இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். பழைய கன்ட்ரோலர் நொடிக்கு 300 எம்பியோடு நின்றாலும் கவலையில்லை, நமக்கு வேண்டியது அந்தப் பத்தாயிரம் சின்னத் துணுக்குகள். முன்னதாகப் பயாஸில் ஏஎச்சிஐ என்றிருக்கிறதா பாருங்கள். பகிர்வைப் புதிதாகப் போடுங்கள், 63இல் தொடங்கிய பழையதை நகலெடுக்காதீர்கள். பேட்டரி செத்திருந்தால் பவர் கார்டிலேயே ஓடும்.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிடும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். கூப்பிட்டே ஆக வேண்டுமென்றாலும் வட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். உங்கள் கல்லூரிப் படங்கள் அதில்தான் இருக்கின்றன.